அட்மிரல் ரேமண்ட் ஸ்புரூவன்ஸின் போர்க்காலப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் அமெரிக்கா பெற்ற பெரிய வெற்றிகள் பலவற்றுக்குத் தலைமை தாங்கியவர் ரேமண்ட் ஏம்ஸ் ஸ்புரூவன்ஸ். ஆயினும் பசிபிக் கப்பற்படையின் தலைமைத் தளபதி நிமிட்ஸ், அவருக்குக் கீழ் பணியாற்றிய அட்மிரல் ஹால்சி ஆகியோரின் பெயர்களை அறிந்த அளவுக்கு இவர் பெயரைப் பலர் அறிந்திருப்பதில்லை. பசிபிக் போரைப் படிக்கத் தொடங்குபவர்கள் இவரைப் பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

போர் தொடங்கியபோது ஸ்புரூவன்ஸ் எந்தப் பொறுப்பில் இருந்தார்?

1886 ஜூலை 3 அன்று பால்டிமோர் நகரில் பிறந்து, 1906-இல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி முடித்த அவர், நாசகாரிக் கப்பல்களிலும் 'மிசிசிப்பி' போர்க்கப்பலிலும் தலைமைப் பொறுப்பு வகித்தவர். நியூபோர்ட்டில் உள்ள கடற்படைப் போர்க் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தவர். 1941 செப்டம்பரில் ரியர் அட்மிரலாக ஐந்தாவது குரூசர் பிரிவின் தலைமையை ஏற்றார். 'நார்த்தாம்ப்டன்' என்ற கனரகக் குரூசர் அவருடைய தலைமைக் கப்பல். அவருடைய குரூசர்கள் வில்லியம் ஹால்சியின் 'எண்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காவலாகச் சென்றன. வேக் தீவுக்குப் போர் விமானங்களைக் கொண்டு சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அந்தப் படை டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரை வந்தடையவில்லை. அதனாலேயே அன்று அங்கே ஜப்பான் நடத்திய தாக்குதலிலிருந்து தப்பியது.

அடுத்த சில மாதங்களில் மார்ஷல் தீவுகள், வேக் தீவு ஆகியவற்றின் மீதான தாக்குதல்களிலும், 1942 ஏப்ரலில் டோக்கியோ மீது டூலிட்டில் நடத்திய விமானத் தாக்குதலுக்குச் சென்ற கப்பல்களுக்குத் துணையாகவும் அவர் கடலில் இருந்தார். விமானந்தாங்கிக் கப்பல்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அருகிலிருந்து கவனிக்க அந்த மாதங்கள் அவருக்கு வாய்ப்பளித்தன.

விமானியாக இல்லாத ஒருவரிடம் மிட்வே சண்டையில் விமானந்தாங்கிக் கப்பல்களை ஏன் ஒப்படைத்தார்கள்?

தற்செயல் என்பதே நேரடியான விடை. 1942 மே 26 அன்று ஹால்சி பேர்ல் ஹார்பருக்குத் திரும்பியபோது, கடுமையான தோல் நோயால் உறக்கமின்றி மெலிந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டிய நிலையில் இருந்தார். தமக்குப் பதிலாக யாரை அனுப்பலாம் என்று நிமிட்ஸ் கேட்டபோது, ஹால்சி தயக்கமின்றி ஸ்புரூவன்ஸின் பெயரைச் சொன்னார். 'எண்டர்பிரைஸ்', 'ஹார்னெட்' ஆகிய இரு விமானந்தாங்கிகளைக் கொண்ட 16-ஆவது பணிப்படையுடன் ஸ்புரூவன்ஸ் மே 28 அன்று புறப்பட்டார். ஹால்சியின் அலுவலர் குழுவையே அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். விமானப் பணிகளைப் பற்றிய நுட்ப அறிவு அந்தக் குழுவிடம், குறிப்பாக அதன் தலைவர் மைல்ஸ் பிரௌனிங்கிடம் இருந்தது. பிரௌனிங்கின் கணிப்பு எப்போதும் சரியாக இருந்ததில்லை என்பது சண்டையின்போதே தெரிய வந்தது.

மேலும், மிட்வேயில் மொத்தத் தலைமை ஸ்புரூவன்ஸிடம் இருக்கவில்லை. பணிமூப்பில் உயர்ந்தவரான பிராங்க் ஜாக் ஃபிளெட்சர், பவழக் கடல் சண்டையில் சேதமுற்று மூன்றே நாட்களில் அவசரமாகச் செப்பனிடப்பட்ட 'யார்க்டவுன்' கப்பலிலிருந்து தலைமை தாங்கினார். ஜூன் 4 அன்று அந்தக் கப்பல் தாக்கப்பட்ட பிறகு, ஸ்புரூவன்ஸின் நகர்வுகளுக்கு ஏற்பத் தாம் நடந்துகொள்வதாக ஃபிளெட்சர் செய்தி அனுப்பித் தலைமையை விட்டுக்கொடுத்தார். மிட்வே வெற்றியைப் பற்றி எழுதுபவர்கள் ஃபிளெட்சரின் இந்தப் பெருந்தன்மையை ஒரு வரியில் கடந்துவிடுவது நியாயமாகாது.

ஜூன் 4 காலையில் அவர் எடுத்த முடிவு என்ன?

ஜோசப் ரோஷஃபோர்ட்டின் குழு ஜப்பானியக் கடற்படையின் சங்கேதச் செய்திகளைப் படித்ததால், எதிரி, பசிபிக்கில் அமெரிக்கத் தளமாக இருந்த மிட்வே தீவை நோக்கி வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. காலையில் எதிரி விமானந்தாங்கிகள் கண்டறியப்பட்டவுடன், டார்பிடோ விமானங்கள் சென்று திரும்பக்கூடிய தூரத்தின் விளிம்பில் நின்றபடியே, தம்மிடமிருந்த தாக்குதல் விமானங்களில் பெரும்பாலானவற்றை ஒரே வீச்சில் அனுப்ப ஸ்புரூவன்ஸ் முடிவு செய்தார். சுமார் 7 மணிக்குத் தொடங்கிய புறப்பாடு மிக மெதுவாக நடந்தது. முதலில் எழுந்த குண்டுவீச்சு விமானங்கள் மேலே வட்டமிட்டு எரிபொருளைச் செலவழித்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஒன்றுசேர்ந்து செல்ல வேண்டும் என்ற விதியைக் கைவிட்டு, வேட் மெக்கிளஸ்கியின் தலைமையில் இருந்த 'எண்டர்பிரைஸ்' குண்டுவீச்சு விமானங்கள் உடனே கிளம்பலாம் என்று 7.45 மணியளவில் அவர் ஆணையிட்டார்.

அதன் விளைவு கொடூரமாகவும் அதே சமயம் வெற்றியாகவும் அமைந்தது. துணை விமானங்கள் இன்றித் தனித்தனியே சென்ற டார்பிடோ விமானங்களில் பெரும்பாலானவை சுட்டு வீழ்த்தப்பட்டன. 'ஹார்னெட்' கப்பலின் எட்டாவது டார்பிடோ அணியில் சென்ற 15 விமானங்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. 'ஹார்னெட்' அனுப்பிய குண்டுவீச்சு விமானங்கள் எதிரியைக் காணவே இல்லை. ஆனால் எதிர்பார்த்த இடத்தில் கடல் வெறுமையாக இருந்தபோதும் தேடலைக் கைவிடாத மெக்கிளஸ்கி, தனியாக விரைந்துகொண்டிருந்த 'அராஷி' என்ற ஜப்பானிய நாசகாரியைப் பார்த்து அதன் போக்கைப் பின்பற்றினார். 10.20 மணிக்குப் பிறகு சில நிமிடங்களில், அவருடைய விமானங்களும் 'யார்க்டவுன்' விமானங்களும் சேர்ந்து 'அகாகி', 'காகா', 'சோர்யு' ஆகிய மூன்றையும் தீக்கிரையாக்கின. மாலையில் நான்காவதான 'ஹிர்யு'வும் தாக்கப்பட்டது.

இதில் ஸ்புரூவன்ஸின் பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதைத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. அவருடைய திட்டம் திட்டமிட்டபடி நடக்கவில்லை. திட்டம் குலைகிறது என்று தெரிந்தவுடன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் விட்டதே அவருக்குரிய பெருமை.

அன்றிரவு எதிரியைத் துரத்தாமல் கிழக்கே திரும்பியது ஏன்?

அவருடைய பணிக்காலத்தில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட இரு முடிவுகளில் முதலாவது இது. நான்கு விமானந்தாங்கிகளை இழந்த எதிரியை மேற்கே விரட்டிச் சென்று ஒழித்திருக்கலாம் என்பது அன்று பலரின் எண்ணம். ஸ்புரூவன்ஸின் கணக்கு வேறு. இருட்டியபின் விமானந்தாங்கிக் கப்பலால் பெரிதாகப் போரிட இயலாது; ஜப்பானியர்களோ இரவுச் சண்டையில் தேர்ந்தவர்கள்; தம்மிடம் குரூசர்களும் நாசகாரிகளுமே இருந்தன, போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை. எனவே நள்ளிரவு வரை கிழக்கே விலகி, பின்னர் மேற்கே திரும்பி, விடியும்போது மிட்வேயைக் காக்கவும் பின்வாங்கும் எதிரியைத் தாக்கவும் ஏற்ற இடத்தில் இருப்பது என்று அவர் தீர்மானித்தார்.

அவருக்கு அப்போது தெரியாத செய்தி ஒன்று இருந்தது: ஜப்பானியக் கப்பற்படையின் தலைமைத் தளபதி அட்மிரல் யமமோட்டோ தம் போர்க்கப்பல்களுடன் கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார், அவருக்குக் கீழிருந்த கோண்டோவின் படைக்கு இரவுச் சண்டைக்கான ஆணையும் தரப்பட்டிருந்தது. அமெரிக்கக் கப்பல்கள் அகப்படாததால், நள்ளிரவுக்குப் பின் யமமோட்டோ முழு நடவடிக்கையையும் கைவிட்டார்.

மறுநாள் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவர் பணியாற்றிய முறையை நன்கு காட்டுகிறது. தப்பியோடும் கப்பல்களைத் தாக்க, 1,000 பவுண்டு குண்டுகளுடன் நெடுந்தூரம் செல்லும் திட்டம் ஒன்றைப் பிரௌனிங் தயாரித்திருந்தார். அப்படிப் போனால் திரும்ப எரிபொருள் போதாது என்று காயமுற்றிருந்த மெக்கிளஸ்கியும் பிற விமானிகளும் தலைமை அறைக்கே வந்து எதிர்த்தனர். இரு தரப்பையும் கேட்ட ஸ்புரூவன்ஸ், எல்லார் முன்னிலையிலும் தம் அலுவலர் குழுத் தலைவரை மறுத்து, விமானிகள் கேட்டபடியே செய்வதாகச் சொன்னார். குண்டுகள் இலகுவாக்கப்பட்டன, புறப்பாடு தாமதப்பட்டது. விமானங்கள் இருட்டில் திரும்பியபோது, நீர்மூழ்கிகள் குறித்த அச்சத்தையும் மீறி, கப்பல்களின் விளக்குகளை ஏற்ற அவர் அனுமதித்தார். ஜூன் 6 அன்று 'மிகுமா' என்ற குரூசர் மூழ்கடிக்கப்பட்டது. அன்றே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோவுக்கு இரையான 'யார்க்டவுன்' மறுநாள் மூழ்கியது.

வெற்றிக்குப் பின் அவரை ஏன் கரைக்கு அழைத்துக்கொண்டார்கள்?

அது தண்டனை அன்று. நிமிட்ஸ் தம் தலைமையகத்தின் அலுவலர் குழுத் தலைவராக அவரைக் கேட்டுப் பெற்றார். ஓராண்டுக்கும் மேலாக இருவரும் பேர்ல் ஹார்பரில் ஒரே வீட்டில் வாழ்ந்து, நெடுந்தொலைவு சேர்ந்து நடந்து, போரின் போக்கைப் பேசினர். ஸ்புரூவன்ஸின் அலுவலகத்தில் அவர் நின்றுகொண்டே எழுதும் உயரமான மேசை இருந்தது. வருபவர் சுருக்கமாகப் பேசிவிட்டுப் போகட்டும் என்று நாற்காலிகளை அவர் விரும்புவதில்லை. இந்த ஓராண்டில்தான் இருவரின் சிந்தனையும் ஒன்றுபட்டது. பின்னர் கடலில் இருந்தபோது மேலிடத்தின் கருத்தை அவர் அடிக்கடி கேட்டு நிற்க வேண்டியிராததற்கு இதுவே காரணம் என்று கொள்ளலாம்.

மூன்றாவது கப்பற்படை, ஐந்தாவது கப்பற்படை என்பவை இரு வேறு படைகளா?

பெரும்பாலும் ஒரே கப்பல்கள்தாம். 1943 ஆகஸ்டில் ஸ்புரூவன்ஸ் மத்திய பசிபிக் படையின் தலைமையை ஏற்றார். அது 1944 ஏப்ரலில் ஐந்தாவது கப்பற்படை எனப் பெயர் பெற்றது. 1944 ஆகஸ்டிலிருந்து ஸ்புரூவன்ஸும் ஹால்சியும் மாறி மாறித் தலைமை ஏற்றனர். ஒருவர் கடலில் போரிடும்போது மற்றவர் கரையில் அடுத்த நடவடிக்கையைத் திட்டமிடுவார். ஹால்சியின் கையில் இருக்கும்போது மூன்றாவது படை. ஸ்புரூவன்ஸின் கையில் ஐந்தாவது படை. விரைவு விமானந்தாங்கிகளின் அணியும் அதற்கேற்ப 38, 58 என எண்ணை மாற்றிக்கொண்டது. குதிரைகள் அப்படியே இருக்க வண்டியோட்டி மட்டும் மாறியது போன்ற ஏற்பாடு இது.

தராவாவில் ஏற்பட்ட இழப்புக்கு அவர் பொறுப்பா?

மொத்தத் தலைமை அவருடையது என்ற அளவில் பொறுப்புத்தான். 1943 நவம்பர் 20 அன்று கில்பர்ட் தீவுக்கூட்டத்தின் தராவா, மாக்கின் ஆகியவற்றில் படைகள் இறங்கின. முதல் திட்டத்தில் மாக்கினுக்குப் பதிலாக நவுரு இருந்தது. அது தொலைவில் உள்ளது, படையை இரண்டாகப் பிளக்கும் என்று வாதிட்டு மாற்றியவர்களில் ஸ்புரூவன்ஸ் முதன்மையானவர். அந்த மாற்றம் சரியானதே.

தராவாவின் பெட்டியோ தீவில் நீர்மட்டம் எதிர்பார்த்த அளவு உயரவில்லை. பவழப் பாறையில் படகுகள் தட்டி நின்றதால், நீர்நில ஊர்திகளில் இடம் கிடைக்காத மரைன் வீரர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்தை, இயந்திரத் துப்பாக்கிகளின் எதிரே, நீரில் நடந்தே கடக்க வேண்டியதாயிற்று. முன்தாக்குதலாகப் பொழியப்பட்ட குண்டுகள் புழுதியைக் கிளப்பினவேயன்றிப் பதுங்கறைகளை உடைக்கவில்லை. சுமார் 1,000 அமெரிக்கர்கள் இறந்தனர். 4,500-க்கும் மேற்பட்ட பாதுகாவலர்களில் சிறைப்பட்ட ஜப்பானிய வீரர்கள் 17 பேர் மட்டுமே. மாக்கின் அருகே 'லிஸ்கம் பே' என்ற சிறிய விமானந்தாங்கியை நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்ததில் மேலும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அடுத்து வந்த மார்ஷல் தீவுகளில் நேரே நடுவிலுள்ள குவாஜலீனைத் தாக்குவது என்று நிமிட்ஸ் சொன்னபோது, ஸ்புரூவன்ஸ், தரையிறக்கப் படையின் கெல்லி டர்னர், மரைன் தளபதி ஹாலண்ட் ஸ்மித் ஆகிய மூவருமே வெளித்தீவுகளை முதலில் பிடிக்க வேண்டும் என்று கருதினர். நிமிட்ஸ் அசையவில்லை. 1944 பிப்ரவரி முதல் வாரத்திலேயே குவாஜலீன் வீழ்ந்தது. உயிரிழப்பு தராவாவில் ஏற்பட்டதில் பாதிகூட இல்லை. ஸ்புரூவன்ஸின் எச்சரிக்கை இங்கே தேவைக்கு மிஞ்சியதாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நங்கூரமிடச் சிறந்த இடமான மஜுரோவையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய கோரிக்கை மட்டும் ஏற்கப்பட்டுப் பெரும் பயன் தந்தது.

அவர் எப்போதுமே எச்சரிக்கையானவர்தானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் ஜப்பானின் பெரும் தளமான ட்ரக் மீது விமானங்கள் தாக்கியபோது, தப்பியோடும் கப்பல்களைப் பிடிக்க அவரே 'நியூ ஜெர்சி', 'அயோவா' ஆகிய போர்க்கப்பல்களுடன் தீவைச் சுற்றிவந்து, 'கதோரி' என்ற பயிற்சிக் குரூசரையும் 'மைகாசே' என்ற நாசகாரியையும் மூழ்கடிக்கச் செய்தார். விமானங்கள் எளிதாகச் செய்து முடித்திருக்கக்கூடிய வேலை அது. ஜப்பானிய டார்பிடோக்கள் 'நியூ ஜெர்சி'க்கு அருகே சென்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தேவையற்ற துணிச்சல் என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது. அந்த மாதமே அவர் நான்கு நட்சத்திர அட்மிரலாக உயர்த்தப்பட்டார்.

பிலிப்பைன் கடல் சண்டையில் எதிரியைத் தப்பவிட்டார் என்பது உண்மையா?

இரண்டாவது பெரிய விவாதம் இது. சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1944 ஜூன் 15 அன்று அமெரிக்கப் படைகள் மரியானாத் தீவுகளில் ஒன்றான சைப்பானில் இறங்கின. அவற்றை முறியடிக்க ஜப்பானிய அட்மிரல் ஒசாவா 9 விமானந்தாங்கிகளுடன் வந்தார். ஸ்புரூவன்ஸின் கீழ் மார்க் மிட்சர் தலைமையில் 15 விமானந்தாங்கிகள் இருந்தன. ஜூன் 18 இரவு, வானொலி அலைகளைக் கொண்டு எதிரியின் இருப்பிடத்தைக் கணித்த பேர்ல் ஹார்பர் நிலையம், ஒசாவா சுமார் 350 மைல் தொலைவில் மேற்கு-தென்மேற்கில் இருப்பதாக அறிவித்தது. இரவோடிரவாக மேற்கே சென்று விடியற்காலையில் தாக்கலாம் என்று மிட்சர் கேட்டார். நள்ளிரவு கடந்து அரை மணி நேரத்துக்குப் பின் ஸ்புரூவன்ஸ் மறுத்துவிட்டார்.

அவருக்கு இடப்பட்ட ஆணை, சைப்பான், டினியன், குவாம் ஆகியவற்றைப் பிடித்துக் காக்க வேண்டும் என்பது. எதிரிக் கப்பற்படையை அழிப்பது அதற்கு அடுத்ததே. ஜப்பானியர்கள் படையைப் பிரித்து, ஒரு பகுதியைத் தூண்டிலாகக் காட்டி மறுபகுதியைச் சுற்றிவரச் செய்யும் பழக்கம் உடையவர்கள். அண்மையில் கைப்பற்றப்பட்ட அவர்களுடைய போர்த்திட்ட ஆவணமும் தரையிறக்கக் கப்பல்களைத் தாக்கும் வாய்ப்பைப் பற்றிப் பேசியது. 'ஸ்டிங்ரே' என்ற நீர்மூழ்கியிலிருந்து வந்த சிதைந்த வானொலிச் செய்தி, எதிரி வேறு இடத்திலும் இருக்கலாம் என்ற ஐயத்தைக் கூட்டியது.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது. காற்று கிழக்கிலிருந்து வீசியது. விமானங்களை ஏற்றவும் இறக்கவும் கப்பல்கள் காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் அமெரிக்கப் படை எதிரியிடமிருந்து விலகிக் கிழக்கே ஓட வேண்டியிருந்தது. ஒசாவாவோ முன்னேறியபடியே விமானங்களை ஏவலாம். ஜப்பானிய விமானங்கள் கூடுதல் தூரம் பறக்கவும் வல்லவை. இரவில் மேற்கே செல்லாவிட்டால் பகல் முழுவதும் அடி வாங்கும் நிலையில்தான் நிற்க நேரிடும் என்று விமானிகள் பொருமினார்கள்.

ஆனால் ஜூன் 19 அன்று நடந்தது வேறு. ராடாரின் உதவியுடன் உயரத்தில் காத்திருந்த அமெரிக்க 'ஹெல்கேட்' போர் விமானங்கள், நான்கு அலைகளாக வந்த ஜப்பானிய விமானங்களை வீழ்த்தின. ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட விமானங்களை ஜப்பான் இழந்தது. அமெரிக்க இழப்பு சுமார் 30. அதே நாளில் இரு அமெரிக்க நீர்மூழ்கிகள் 'தைஹோ', 'ஷோகாகு' ஆகிய பெரிய விமானந்தாங்கிகளை மூழ்கடித்தன. மறுநாள் மாலை, மிக நெடுந்தொலைவில் கண்ட எதிரியை நோக்கி மிட்சர் 216 விமானங்களை அனுப்பினார். 'ஹியோ' மூழ்கியது, இருட்டில் எரிபொருள் தீர்ந்தும் தளத்தில் மோதியும் 80 விமானங்கள் அழிந்தன, விமானிகளில் பெரும்பாலோர் மீட்கப்பட்டனர். ஒசாவா ஆறு விமானந்தாங்கிகளுடன் தப்பினார். அவரிடம் எஞ்சிய பயன்படத்தக்க விமானங்கள் சுமார் 35.

பிற்காலத்தில் தெரிய வந்தபடி, சுற்றிவரும் படை எதுவும் அன்று இல்லை. அந்த அளவில் ஸ்புரூவன்ஸின் ஊகம் தவறு. ஆயினும் அவர் முடிவு தவறா? நான்கு மாதங்கள் கழித்து பிலிப்பைன்ஸின் லேட்டே வளைகுடாவில், அதே ஒசாவா விமானங்கள் அநேகமாக இல்லாத விமானந்தாங்கிகளைத் தூண்டிலாகக் காட்டியபோது, ஹால்சி முழுப்படையுடன் வடக்கே விரைந்தார். காவலற்றுக் கிடந்த சான் பெர்னார்டினோ நீரிணை வழியாக ஜப்பானிய அட்மிரல் குரிட்டாவின் போர்க்கப்பல்கள் புகுந்து, சமார் தீவருகே சிறிய விமானந்தாங்கிகளைத் தாக்கின. சைப்பானில் நடக்காதது லேட்டேயில் நடந்தது. ஸ்புரூவன்ஸ் அஞ்சியது கற்பனையான ஆபத்தன்று என்பதற்கு இது போதும். விமானந்தாங்கியைவிட அதில் பறக்கும் தேர்ந்த விமானியை ஈடுசெய்வது கடினம் என்பதையும் நினைவில் கொண்டால், ஜூன் 19-இன் வெற்றி கப்பல் எண்ணிக்கையில் தெரிவதைவிடப் பெரியது. அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி எர்னஸ்ட் கிங் ஜூலையில் சைப்பானுக்கு வந்தபோது, ஸ்புரூவன்ஸ் செய்தது சரியே என்று நேரில் சொன்னார். அட்மிரல் ஜான் டவர்ஸ் உள்ளிட்ட விமானப்பிரிவு அதிகாரிகள் அதை ஒருபோதும் ஏற்கவில்லை.

சைப்பான் ஜூலை 9 அன்று வீழ்ந்தது. அதே மாதம் 18 அன்று பிரதமர் டோஜோ பதவி விலகினார். நவம்பர் முதல் பி-29 என்ற அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் மரியானாத் தீவுகளிலிருந்தே டோக்கியோவைத் தாக்கின.

இவோ ஜிமா, ஒகினாவா ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தது யார்?

அட்மிரல் கிங் தைவானைப் பிடிக்க விரும்பினார். அதற்குத் தேவையான படைபலம் கிடைக்காது என்று கருதிய ஸ்புரூவன்ஸ், ஜப்பானியத் தீவுகளான இவோ ஜிமாவையும் ஒகினாவாவையும் முன்மொழிந்தார். 1944 அக்டோபரில் அந்தக் கருத்தே ஏற்கப்பட்டது.

1945 பிப்ரவரி 19 அன்று இவோ ஜிமாவில் படைகள் இறங்கின. பத்து நாள் குண்டுவீச்சு வேண்டுமென்று மரைன்கள் கேட்டனர். மூன்று நாட்களே கிடைத்தன. அதே வேளையில் ஸ்புரூவன்ஸ் டோக்கியோ பகுதியின் விமானத் தளங்களைத் தாக்கச் சென்றபோது, கனமான பீரங்கிகள் கொண்ட புதிய போர்க்கப்பல்களையும் உடன் கொண்டுசென்றதால், தரையிறக்கத்துக்கு முந்தைய குண்டுவீச்சுக்கு அவை கிடைக்கவில்லை. சுமார் 6,800 அமெரிக்கர்கள் உயிரிழந்த அந்தத் தீவைப் பற்றி மரைன்களின் மனக்குறை இன்றும் தீரவில்லை. அதில் நியாயம் உண்டு.

ஏப்ரல் 1 அன்று தொடங்கிய ஒகினாவா நடவடிக்கைதான் அவர் சந்தித்த நீண்ட சோதனை. தரைப்படை மெதுவாக முன்னேறிய அந்த வாரங்களில் கப்பல்கள் ஒரே கடற்பரப்பில் கட்டுண்டு கிடந்தன. காமிகாசி தற்கொலை விமானங்கள் அலையலையாக வந்தன. மார்ச் 31 அன்று அவருடைய தலைமைக் கப்பலான 'இண்டியானாபொலிஸ்' தாக்கப்பட்டதால் அவர் 'நியூ மெக்சிகோ' போர்க்கப்பலுக்கு மாறினார். மே 12 அன்று அதுவும் தாக்கப்பட்டு 54 பேர் மாண்டனர். அட்மிரலைக் காணவில்லை என்று பதறித் தேடிய அலுவலர்கள், அவர் மாலுமிகளோடு சேர்ந்து தீயணைப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டனர். அவருக்கு அப்போது வயது 58. ஒகினாவாவில் அமெரிக்கக் கடற்படை இழந்த உயிர்கள் 4,900-க்கும் அதிகம்.

ஏப்ரல் 7 அன்று 'யமாட்டோ' என்ற மாபெரும் போர்க்கப்பல் ஒகினாவாவை நோக்கி வந்தது. அதைத் தம் போர்க்கப்பல்களைக் கொண்டு எதிர்கொள்ள ஸ்புரூவன்ஸ் முதலில் எண்ணியிருந்தார். நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா, நான் பார்க்கட்டுமா என்று மிட்சர் கேட்டபோது, நீங்களே பாருங்கள் என்ற பொருளில் மிகச் சுருக்கமாகப் பதில் அனுப்பினார். விமானங்கள் சில மணி நேரத்தில் அதை மூழ்கடித்தன. மே 27 அன்று தலைமையை ஹால்சியிடம் ஒப்படைத்துவிட்டு, ஜப்பானின் தெற்குப் பெருந்தீவான கியூஷு மீதான படையெடுப்பைத் திட்டமிடக் கரைக்குத் திரும்பினார்; ஜப்பான் சரணடைந்ததால் அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

அவருக்கு ஐந்து நட்சத்திரப் பதவி ஏன் கிடைக்கவில்லை?

1944 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் கடற்படையில் நால்வருக்கு மட்டுமே அந்தப் பதவியை அனுமதித்தது. லேஹி, கிங், நிமிட்ஸ் ஆகியோருக்குப் பின் எஞ்சிய ஓரிடம் 1945 டிசம்பரில் ஹால்சிக்குச் சென்றது. ஹால்சி செய்தியாளர்களுக்கு விருப்பமானவர்; நாடாளுமன்ற உறுப்பினர் கார்ல் வின்சனின் ஆதரவும் அவருக்கு இருந்தது. ஸ்புரூவன்ஸோ விளம்பரத்தைத் தவிர்த்தவர். போரில் ஈட்டியதை மட்டும் எடைபோட்டால் அந்த நான்காவது இடம் ஸ்புரூவன்ஸுக்கே உரியது என்பது இதை எழுதுபவரின் கருத்து. அவர் ஓய்வு பெற்றபின் வாழ்நாள் முழுவதும் அட்மிரலுக்குரிய முழுச் சம்பளம் பெற நாடாளுமன்றம் தனியே வழிசெய்தது.

போருக்குப் பின் என்ன செய்தார்?

சில மாதங்கள் நிமிட்ஸின் இடத்தில் பசிபிக் கப்பற்படைக்குத் தலைமை வகித்தார். பின்னர் 1948 ஜூலை வரை நியூபோர்ட் போர்க் கல்லூரியின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றார். 1952 முதல் 1955 வரை பிலிப்பைன்ஸ் நாட்டுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றினார். 1969 டிசம்பர் 13 அன்று கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் காலமானார். 1970-களில் கட்டப்பட்ட நாசகாரிக் கப்பல் வகை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.